அயோவாவில் ஒரு கவுண்டியை விசாரித்த கதை

என் தங்கச்சிக்கு அந்தக் கலியாணப் பேச்சு வந்தபோது அப்பா மாப்பிள்ளையின் சாதகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு மடித்து வைத்தார். படத்தை அதைவிடக் குறைந்த நேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, "சாதகம் ஐயற்றை சோலி. ஊர் எது?" என்று கேட்டார்.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. மாப்பிள்ளை பிறந்த ஊர் எங்களுக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் எங்கள் பழைய வீட்டிலிருந்து சைக்கிளில் போய்விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். ஆனால் அங்கே இப்போது அவருடைய வீடும் இல்லை, ஆட்களும் இல்லை. அவர் இருந்தது அமெரிக்காவில், அயோவா மாநிலத்தின் ஒரு மூலையில், சோளக் காணிகளுக்கு நடுவே ஒரு கவுண்டியில். அங்கே அவர் டொக்டர். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த டொக்டர்மாருக்கு அமெரிக்கப் பட்டணங்களில் லேசில் இடம் கிடைக்காது. மற்றவர்கள் போகமாட்டோம் என்று கைவிட்ட இடங்களுக்குப் போனால் விசா தருவார்கள். இவர் அப்படிப் போனவர். கனடாவில், மொன்றியலில் எங்களுக்குக் கிட்ட, லவாலில் இருந்த அவருடைய மாமிதான் எங்களிடம் பேச்சைக் கொண்டுவந்தார். 'டொக்டர்' என்பதை உரத்தும் 'அயோவா' என்பதை மெல்லவும் சொன்னார்.

"கவுண்டி எண்டால் என்ன பிள்ளை? மாவட்டமோ?" என்று அப்பா என்னைக் கேட்டார்.

"பத்துப் பன்ரெண்டு ஊர் சேர்ந்த ஒரு பிரிவு மாதிரி அப்பா."

"அங்கை எங்களுக்கு ஆரைத் தெரியும்?"

"ஒருத்தரையும் தெரியாது."

"அப்ப விசாரிக்கவேணும்."

அப்பாவைப் பற்றிச் சொல்லாவிட்டால் இது விளங்காது. ஊரில் அவர் கூட்டுறவுச் சங்கக் கடை மனேச்சர். ஆனால் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது விசாரிக்கிற வேலைதான். யார் வீட்டில் பெண்ணுக்குப் பேச்சு வந்தாலும், "அண்ணை, ஒருக்காப் போய் விசாரிச்சுக்கொண்டு வாங்கோ" என்று எங்கள் வாசல் படலையில் வந்து நிற்பார்கள். அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு, புகையிலைக் கன்று வாங்க வந்தவர் மாதிரி மாப்பிள்ளையின் ஊருக்குப் போவார். மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் தலையே காட்டமாட்டார். தேத்தண்ணிக் கடை, சலூன், கோயில் வீதி, கிணற்றடி என்று சுற்றுவார். யாரிடமாவது அந்த ஊர்த் தண்ணீரை வாங்கிக் குடிப்பார். எத்தனை வீடு பூட்டிக் கிடக்கிறது, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் நிறைந்திருக்கிறார்களா, சனம் ஊரில் நிற்கிறதா கொழும்புக்கு ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டு பொழுதுபட வருவார். மாப்பிள்ளை குடிப்பவனா இல்லையா என்று எவரும் சொல்லிவிடுவார். ஊரைப் பார்த்தால்தான் போகிற பெண் அங்கே இருப்பாளா என்று தெரியும் என்பார்.

அப்படிப்பட்ட மனுசனைக் கொண்டுவந்து மொன்றியலின் ரொக்ஸ்பரோவில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், பனி மூடிய ஒரு மேல்மாடியில் இருத்திவிட்டு, அவருடைய மகளை அயோவாவுக்குக் கேட்டால் என்ன செய்வார்? என் உயிரை எடுத்தார். "விசாரிச்சனியோ? விசாரிச்சனியோ?" நான் பகல் முழுக்கத் தையல் பக்டறியில் குனிந்திருந்துவிட்டு, வீட்டுக்கு வந்து ஆட்களுக்குச் சாரிச் சட்டை தைக்கிறவள். நான் எந்தச் சைக்கிளில் ஏறி அயோவாவுக்குப் போவது?

தங்கச்சியோ வாயே திறக்கவில்லை. அவளுக்கு முப்பத்தாறு வயது முடிந்திருந்தது. ஊரில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள். வந்த பேச்சுகளில் ஒன்று சண்டையில் பாதை பூட்டியதால் நின்றது, ஒன்றில் மாப்பிள்ளையே காணாமல் போனார், மற்றதெல்லாம் வயது ஏற ஏறத் தானாக நின்றுபோனது. இரண்டு வருஷத்துக்கு முன் ஆமி வருகிறதென்று யாழ்ப்பாணமே ஒரே இரவில் எழும்பி மழைக்குள் நடந்தபோது, அவளும் அப்பாவும் அந்தச் சனத்துக்குள் நடந்தவர்கள். பிறகு எப்படியோ கொழும்பு வந்து, என் ஸ்பொன்சரில் இங்கே வந்து சேர்ந்தார்கள். மொன்றியலில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி ஒட்டினாள். வேலைக்குப் போவாள், வருவாள், சமைப்பாள், படுப்பாள். என்ன கேட்டாலும் "ஓம் அக்கா", "இல்லை அக்கா", அவ்வளவுதான்.

பேச்சு வந்த பிறகு அந்த டொக்டர் ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுக்கத் தொடங்கினார். இவள் தொலைபேசியை வயரோடு இழுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். ஒரு ஞாயிறு நான் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. வாய்விட்ட சிரிப்பு. அவள் மொன்றியலுக்கு வந்ததிலிருந்து நான் கேட்காத சத்தம் அது. அப்பளம் கருகிப் போனது. கருகட்டும், போ! இந்தக் கலியாணம் நடந்தே ஆகவேண்டும் என்று நான் முடிவெடுத்தது அந்த அடுப்படியில்தான்.

என்னிடம் சட்டை தைக்கக் கொடுக்கிற ஒரு அம்மா பக்கத்தில் கர்க்லாண்டில் இருந்தார். தமிழ்நாட்டுக்காரர், கனடாவுக்கு வந்து நெடுங்காலம், ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் வேலை. அளவு கொடுக்க வந்தபோது அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். கையைத் தூக்கி அளவுக்கு நின்றவர் அப்படியே சிரித்துவிட்டார்.

"என்னங்க இது! எங்க பக்கம் ஜாதகம் பார்ப்பாங்க, கோத்திரம் பார்ப்பாங்க. உங்கப்பா சென்ஸஸ் பார்க்கறாரே!"

"அவருக்கு விசர் அக்கா. ஆனால் பாக்காமல் விடமாட்டார்."

"விசரெல்லாம் இல்லை. நல்ல கேள்விதான். என்னைக் கட்டிக் கொடுத்தப்ப கனடா எங்க இருக்குன்னு ஒருத்தரும் பார்க்கல. டிசம்பர்ல செருப்போட வந்து இறங்கினேன்," என்றார். "இருங்க, ஒரு நூலகத்துலேருந்து இன்னொரு நூலகத்துக்குப் புத்தகம் கடன் வாங்கலாம். கேட்டுப் பார்க்கிறேன்."

சட்டை தைத்து முடிவதற்குள் புத்தகம் வந்துவிட்டது. அந்தக் கவுண்டியின் ஊரவர்களே சேர்ந்து தங்கள் வரலாற்றை எழுதி அச்சடித்த தடித்த புத்தகம். பின்னட்டையில் அந்த ஊர் நூலகத்தின் முத்திரையும் தொலைபேசி இலக்கமும் இருந்தன. கூடவே, ஒவ்வொரு குடிசன மதிப்பிலும் அங்கே எவ்வளவு பேர் இருந்தார்கள் என்று காட்டும் சில போட்டோக் கொப்பித் தாள்கள். "திருப்பி அனுப்பணும், மஞ்சள் கறை படாம பார்த்துக்கங்க" என்று சொல்லித் தந்தார்.

பிறகென்ன, எங்கள் வீட்டில் ஒவ்வொரு நாளும் பின்னேரம் அயோவாதான். நான் பொத்தான் தைத்தபடி வாசித்து வாசித்துத் தமிழில் சொல்ல, அப்பா சோபாவில் காலை மடித்துக்கொண்டு கேட்பார். தங்கச்சி குசினிக்குள் பாத்திரம் கழுவுவாள். அவள் ஒரே சட்டியை எவ்வளவு நேரம் கழுவினாள் என்பதை நான் கவனிக்காமல் இல்லை.

முதல் நாளே அப்பா ஒரு கேள்வி போட்டார். ஜெர்மன்காரரும் நோர்வேக்காரரும் மாட்டு வண்டிகளில் வந்து இறங்கியதை நான் வாசித்துக்கொண்டிருந்தேன்.

"பொறு. இவை வாறத்துக்கு முதல் அங்கை ஆர் இருந்தவை?"

பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஒரேயொரு பந்தி இருந்தது. ஆதிக் குடிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு மேற்கே சென்றார்கள் என்று எழுதியிருந்தது.

"கையெழுத்து வைச்சிட்டுப் போனவையாம் அப்பா."

"போனவையாம்!" என்றார் அப்பா. புத்தகத்தை வாங்கி அந்தப் பந்தியின் நீளத்தைப் பார்த்தார். பிறகு, "சரி, வாசி," என்றார்.

அதற்குப் பிறகு புத்தகம் அவருக்குப் பிடிக்கத் தொடங்கிவிட்டது. வெட்டுக்கிளி வந்து வயலை மொட்டையடித்த வருஷத்தில் ஒருவருக்கொருவர் விதைத் தானியம் கொடுத்ததைக் கேட்டுத் தலையாட்டினார். ஒருவனின் மாட்டுக் கொட்டில் எரிந்தால் ஊரே வந்து கூடிக் கட்டிக்கொடுக்குமாம், பெண்கள் வீட்டுக்கு வீடு சமைத்துக்கொண்டு வருவார்களாம். "அட, பாத்தியே! இது எங்கடை சனம் மாதிரியெல்லோ," என்று சந்தோஷத்தில் புளுகப்பட்டார். எத்தனை தேவாலயம், எத்தனை பள்ளிக்கூடம், ரயில் எப்போது வந்தது என்றெல்லாம் கேட்டு வைத்துக்கொண்டார். நானும் மனதுக்குள் கலியாண மண்டபமே பிடித்துவிட்டேன்.

கடைசியில் அந்தப் போட்டோக் கொப்பித் தாள்களுக்கு வந்தோம். ஐயோ, அதை நான் அடுப்பில் போட்டிருக்கலாம். தொடக்கத்தில் சனத்தொகை ஏறிக்கொண்டு போனது. பிறகு ஒரு இடத்தில் நின்றது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மதிப்பிலும் இறக்கம்தான், நான் வாசிக்க வாசிக்க இறங்கிக்கொண்டே வந்தது. பிறக்கிறவர்களைவிடச் சாகிறவர்கள் கூட. இளம் ஆட்கள் குறைவு, வயசாளிகள் அதிகம்.

அப்பா மடித்திருந்த காலை இறக்கிக் கீழே வைத்தார். "அந்தச் சனத்துக்கு என்ன நடந்தது?"

"போயிட்டினம் அப்பா."

"ஆர் அடிச்சுக் கலைச்சது?"

"ஒருத்தரும் கலைக்கேல்லை. மெஷின் வந்திட்டுது. முந்திப் பத்துக் குடும்பம் செய்த தோட்டத்தை இப்ப ஒருத்தன் செய்யிறான். பிள்ளையள் படிச்சிட்டுப் பட்டணத்துக்குப் போயிட்டினம். ரயிலும் நிண்டிட்டுது, பள்ளிக்கூடங்களையும் பூட்டிட்டினம்."

"ஒருத்தரும் கலைக்காமல் ஆர் பிள்ளை தன்ரை வீட்டைப் பூட்டிக்கொண்டு போறது? உதிலை எழுதாமல் விட்டிருக்கிறாங்கள். முதல் இருந்தவையையும் 'போனவை' எண்டுதானே எழுதினவங்கள்?"

 அவர் பார்த்த இடப்பெயர்வு அப்படி. தன் கிணற்றடியில் மாட்டை அவிழ்த்துவிட்டு, வீட்டைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்த மனுசன். அந்தத் திறப்பு இங்கேயும் அவருடைய தலையணைக்குக் கீழே கிடந்தது. சும்மா, நல்ல வேலை தேடி, சம்மதத்தோடு ஒரு ஊர் வெறுமையாகும் என்று சொன்னால் அவர் எப்படி நம்புவார்? எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, பத்திக்கொண்டும் வந்தது.

"சனம் கழண்டுகொண்டு போற ஊருக்கு என்ரை பிள்ளையை நான் விடன்," என்றார் அப்பா. "அவையிட்டை வேண்டாமெண்டு சொல்லு."

குசினியில் தண்ணீர் ஓடுகிற சத்தம் நின்றது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. பொத்தானையும் ஊசியையும் மேசையில் எறிந்தேன்.

"அப்பா, நீங்கள் ஊரிலை புத்தகம் பாத்தோ விசாரிச்சனீங்கள்? ஒரு சனத்தோடையும் கதைக்காமல், ஒரு வாய் தண்ணி குடிக்காமல் வேண்டாம் எண்டு சொன்னால் அதுக்குப் பேர் விசாரிப்போ? இப்பிடி விசாரிச்சுப்போட்டு வந்து நிண்டிருந்தால் ஊரிலை உங்களை ஆரும் படலைக்குள்ளை விட்டிருப்பினமோ?"

அப்பாவுக்குச் சுட்டுவிட்டது. அவருடைய தொழிலில் கை வைத்தால் அவருக்குத் தாங்காது என்று எனக்குத் தெரியும். தாடையைச் சொறிந்தார், ஜன்னலைப் பார்த்தார். "சரி. அப்ப கதை," என்றார்.

"ஆரோடை?"

"அந்த ஊர்ச் சனத்தோடை. ஆனால் கலியாணக் கதை எடாதை. வேறை அலுவலாய் எடுத்த மாதிரிக் கதைக்கவேணும்."

அந்தக் கவுண்டியில் எனக்குத் தெரிந்த ஒரே இலக்கம் புத்தகத்தின் பின்னட்டையில் இருந்ததுதான். சனிக்கிழமை பின்னேரம், பாதி முடிந்த ஒரு டெலிபோன் காட்டை வைத்துக்கொண்டு நூலகத்துக்கு எடுத்தேன். அப்பா கதிரையை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். தங்கச்சி குசினி வாசலில் துவாயோடு நின்றாள்.

வயதான ஒரு பெண்ணின் குரல். நிறுத்தி நிறுத்திப் பேசிய ஆங்கிலம், எனக்கே விளங்கியது. புத்தகம் பத்திரமாக இருக்கிறது, இன்னும் கொஞ்ச நாள் வைத்திருக்கலாமா என்று, புகையிலைக் கன்று வாங்க வந்தவள் மாதிரித் தொடங்கினேன். தாராளமாக வைத்திருங்கள் என்றார் அந்த அம்மா. பிறகு, "மொன்றியலில் இருந்தா பேசுகிறீர்கள்? நீங்கள் டொக்டருக்குப் பார்த்திருக்கிற பெண்ணின் வீட்டாரா?" என்று கேட்டார்.

 டொக்டர் தன் கிளினிக்கில் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு மட்டும், அதுவும் இரகசியமாக, மொன்றியலில் ஒரு பெண் பார்த்திருப்பதாகச் சொன்னாராம். அந்தப் பெண் தன் தாய்க்கு மட்டும் சொன்னாளாம். அவ்வளவுதான், கவுண்டி முழுக்கத் தெரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு அப்பாவிடம் சொன்னேன். "அப்ப அது ஊர்தான்," என்றார் அப்பா, முதல்முறையாகக் கொஞ்சம் தெளிந்து.

இனி ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது? நேராகவே கேட்டேன். அந்த அம்மா தயங்காமல் சொன்னார். டொக்டர் பனிக்குள் காரை ஓட்டிக்கொண்டு தோட்டக்காரர் வீடுகளுக்கே போய்ப் பார்ப்பாராம். வீட்டுக்குப் பின்னால் மிளகாய் நட்டு எல்லாருக்கும் பை பையாகக் கொடுத்தாராம். பாதிரியாரின் மனைவி மரியாதைக்கு ஒன்றைக் கடித்துவிட்டுக் கோயிலிலேயே அழுதாராம். நான் சொல்லச் சொல்ல அப்பாவின் வயிறு சிரிப்பில் குலுங்கியது.

பிறகு அந்தக் குரல் தாழ்ந்தது. இவருக்கு முன்னும் டொக்டர்மார் வந்தார்களாம். ஒருவர் மாறி ஒருவர் போய்விட்டார்களாம். பெரும்பாலும் மனைவிமாருக்கு இடம் பிடிக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது, இங்கே என்ன இருக்கிறது என்றார். இவரும் போனால் ஆஸ்பத்திரியைப் பூட்டிவிடுவார்கள், அது போனால் மிச்சமிருக்கிற ஆட்களும் போய்விடுவார்கள் என்றார். "நீங்கள் எங்களை விசாரிக்கிறீர்கள், அது சரிதான். நானும் ஒன்று கேட்கலாமா? ஊரில் எல்லாரும் என்னைப் பிடித்துக் கேட்கிற கேள்வி இது. உங்கள் தங்கை எப்படிப்பட்ட பெண்? அவள் இங்கே இருப்பாளா?"

நான் வாயைத் திறப்பதற்குள் காட்டில் இருந்த காசு முடிந்துவிட்டது. பிரெஞ்சில் ஒரு பெண்குரல் மன்னிப்புக் கேட்டது. பிறகு ஆங்கிலத்திலும் கேட்டது.

"என்ன? ஏன் வைச்சிட்டாய்? என்ன கேட்டவ?" என்றார் அப்பா.

சொன்னேன்.

"இருப்பாளோ எண்டு கேட்டவவோ?"

"ஓம் அப்பா. ஊரிலை எல்லாரும் அதைத்தான் கேக்கினமாம்."

அப்பா கையில் இருந்த கண்ணாடியைத் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார். "வெளிக்கிட்ட நாளிலையிருந்து எத்தினை விசாக் கந்தோரிலை கேட்டவங்கள் பிள்ளை. ஏன் வந்தனீ, எப்பிடி வந்தனீ, எப்ப திரும்பிப் போவாய். இருப்பியோ எண்டு ஒருத்தனும் கேக்கேல்லை," என்றார்.  எனக்கு அழுகை வந்தது. அழுதேன், அதில் என்ன வெட்கம்.

அப்போதுதான் வாசலில் சத்தம் கேட்டது. தங்கச்சி சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்கையடி போறாய் இந்தக் குளிருக்குள்ளை?"

"டெப்பனர் கடைக்கு. காட் வாங்க."

"நில், நான் போறன். நீ அவங்களோடை பிரெஞ்சிலை என்னெண்டு கதைப்பாய்?"

"போன்ஷூர் எண்டு சொல்லிக் காட்டைக் காட்டினால் தருவாங்கள்," என்றாள். "லைபிரரி பூட்ட முதல் எடுக்கவேணும் அக்கா. அந்த மனிசி பதிலுக்குப் பாத்துக்கொண்டு இருப்பா." இவ்வளவு நீளமாக அவள் என்னோடு பேசியது எனக்கு நினைவில்லை.

தலையில் தொப்பி இல்லாமல் ஓடி, தலைமயிர் எல்லாம் பனியோடு திரும்பி வந்தாள். ஒரு சதக் காசால் காட்டின் இலக்கத்தைச் சுரண்டி எடுத்தாள். நான் தொலைபேசிக்குக் கையை நீட்டினேன். "இல்லை, நான் கதைக்கிறன்," என்றாள். குளிரில் விறைத்த விரலால் இலக்கத்தை இரண்டுதரம் பிழையாக அழுத்திவிட்டாள்.

"கொண்டா இங்கை," என்று அப்பா காட்டை வாங்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். வெளிச்சத்துக்குப் பிடித்து, சங்கக் கடையில் சாமான் சொல்கிற அதே குரலில் ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல அவள் அழுத்தினாள். புத்தகத்தின் பின்னட்டையில் இருந்த நூலக இலக்கத்தையும் அப்படியே சொல்லிவிட்டுக் காட்டை மடியில் வைத்துக்கொண்டார். மணி அடித்தது.

தங்கச்சி தன் பள்ளிக்கூட ஆங்கிலத்தில், வகுப்பில் எழும்பி நிற்கிற பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்று பேசினாள். "நான்தான் அந்தப் பெண். சற்று முன் நீங்கள் என் அக்காவிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். நான் இருப்பேன்." பிறகு அது போதாது என்று நினைத்தாளோ என்னவோ, தமிழிலும் ஒருதரம் சொன்னாள். "இருப்பன்."

அந்தப் பக்கத்தில் இருந்து நெடுநேரம் ஏதோ சொன்னார்கள். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. அவளுடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்.

"தண்ணி எப்பிடியெண்டு கேள் பிள்ளை. அந்த ஊர்த் தண்ணி."

அவள் கேட்டாள். பிறகு தொலைபேசியைப் பொத்திக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள்.

"நல்ல தண்ணியாம் அப்பா. நீங்கள் வந்து குடிச்சுப் பாத்திட்டு முடிவு சொல்லட்டாம்."